ஒரு ஓமுக்குக் கீழே ஓர் உலகம்

வீட்டுக்கு வீடு எது இருக்கிறதோ இல்லையோ, ஒரு மல்டிமீட்டர் இருந்தே ஆக வேண்டும் என்று எங்கள் தோட்டத்தில் கேட்பவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். 'மீட்டர் பைத்தியம்' என்று லயத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும். குக்கர் சூடாகவில்லை, அயன் பொக்ஸ் பிடித்தால் கை சுள்ளென்கிறது, பம்பு உறுமுகிறது, ஓடவில்லை என்றதும் அதே ஆட்கள்தான் இரவானாலும் வந்து கதவைத் தட்டுகிறார்கள்.

மீட்டர் பல வேலை செய்யும். வோல்ட் பார்க்கும், ஆம்பியர் பார்க்கும், டயோட் பார்க்கும். நான் காதலிப்பது அந்தத் திருகியில் குதிரை லாட வடிவக் குறி போட்டிருக்கும் பக்கத்தை, அதாவது ஓம் அளக்கும் பக்கத்தை. காரணம் எளிது. வோல்ட் பார்க்க வேண்டுமென்றால் கரண்ட் ஓடும் கம்பியில் கை வைக்க வேண்டும், உயிருக்குப் பயந்து பார்க்க வேண்டும். ஓம் பார்க்கும்போது பிளக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தேநீர் குடித்துக்கொண்டே பார்க்கலாம். செத்துக் கிடக்கும் சாமானிடம் "உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டால் ஒரே எண்ணில் பதில் வருகிறது. இதைவிடச் சுகமான வைத்தியம் உலகத்தில் உண்டா?

அந்த எண்ணைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். 52,900 என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. அதைச் சாமானின் அடியில் எழுதியிருக்கும் வாட்டால் வகுத்தால், அதன் சுருள் எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்று வந்துவிடும். 1,000 வாட் அடுப்புக்கு ஏறத்தாழ 53. 1,500 வாட் கேத்தலுக்கு 35. 700 வாட் குக்கருக்கு 75 சொச்சம். 2,000 வாட் ஹீட்டருக்கு 26 சொச்சம். பத்து வீதம் முன்பின் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் விலகினால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. ஜெர்மனியில் ஓம் என்ற பள்ளி ஆசிரியர் 1827-இல் எழுதி வைத்த விதி, பலாங்கொடை மலையில் ஒரு லயத்து அடுப்பங்கரையில் அப்படியே பலிக்கிறது. எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது.

நமக்கு ஏன் இது அவசியம்

2022 ஞாபகம் இருக்கிறதல்லவா? ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் சாமான் கிடைக்காமல் வெற்றுச் சிலிண்டர்களை வரிசையில் கட்டிப்போட்டுவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தார்கள். அதற்கு முந்தைய மாதக் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டும் வந்தது. கேகாலைப் பக்கம் எட்டியாந்தோட்டை, தெரணியகலை தோட்டங்களில் இறப்பர் விறகு இருந்ததால் அவர்கள் சமாளித்தார்கள். எங்கள் தேயிலை மலையிலோ விறகும் இழுபறி. கரண்ட் வரும் சில மணித்தியாலத்துக்குள் சமைத்துவிட வேண்டுமென்று சுருள் அடுப்பும் ரைஸ் குக்கரும் வீடுவீடாக வந்தன. வந்தவை போகவில்லை. விளக்குக்காகவும் ரேடியோவுக்காகவும் இழுத்த பழைய வயரிங்கில் இன்றைக்கும் அடுப்பு எரிகிறது.

இன்னொன்று, நம் மழை. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. அந்த ஈரத்தில் பிளக் முள், சொக்கட் தகடு, ஸ்குரூ எல்லாம் பச்சை பிடித்துப்போகின்றன. பச்சை பிடித்த இடத்தில் தடை கூடும். தடை கூடிய இடத்தில் சூடு பிறக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மின்னல் எச்சரிக்கையில் சப்ரகமுவ இல்லாத நாளைத் தேடிப் பிடிக்க வேண்டும். 'மின்னொழுக்கு காரணமாக லயன் குடியிருப்பு தீக்கிரை' என்று பத்திரிகையில் ஒரு மூலையில் வரும் செய்தியை நாம் எத்தனை தடவை வாசித்துவிட்டோம்! அந்த நெருப்பில் பல, ஒரு ஓமுக்கும் குறைவான ஒரு கெட்ட மூட்டில் தொடங்கக்கூடியவை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 வாட் அடுப்பு ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஒரு மூட்டு தளர்ந்து அங்கே 1 ஓம் தடை உட்கார்ந்துவிட்டால், அந்த ஒரே புள்ளியில் கிட்டத்தட்ட 19 வாட் சூடு. சிறிய சோல்டரிங் அயன் 25 வாட். ஏறக்குறைய ஒரு சோல்டரிங் அயனைப் பலகைச் சுவருக்குள் செருகிவிட்டு நாம் சோறு வடிக்கிறோம். அடுப்பு வழக்கம்போலவே எரியும், பியூஸ் போகாது, டிரிப் சுவிட்ச் விழாது. சந்தேகமே வராது. இதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் 1 ஓமையும் அதற்குக் கீழேயும் பொய் சொல்லாமல் காட்டும் மீட்டர் வேண்டும். மீட்டர் வாங்குவதன் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

கடையில் நின்று பார்ப்பது எப்படி

கொழும்புக்குப் போக முடிந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வரிசையாகக் கடைகள். அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலை டவுன்களிலேயே மின்சாமான் கடைகளில் கிடைக்கிறது. மஞ்சளோ கறுப்போ நிறத்தில், உள்ளங்கை அளவில், டிடி 830 என்று பெயர் போட்ட சின்ன மீட்டரைப் பார்க்காதவர் இருக்க முடியாது. தோட்டத்தில் ஓரிரு நாள் சம்பளத்துக்குள் அடங்கும் அந்தச் சாமானை யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அதன் மிகக் கீழ்ப் பிரிவு 200 ஓம். அதில் 0.1 ஓம் வரை காட்டும். அடுப்பு, குக்கர், கேத்தல், அயன் எல்லாவற்றுக்கும் அது தாராளம்.

ஆனால் அதன் கடதாசியில் உள்ள ஒரு வரியை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 'கூட்டல் கழித்தல் 0.8 வீதம், 2 இலக்கம்' என்று இருக்கும். அந்த 2 இலக்கம்தான் வில்லன். 100 ஓம் அளக்கும்போது மொத்தப் பிழை 1 ஓம் வரைதான், பொருட்டில்லை. 1 ஓம் அளக்கும்போதும் அந்த 2 இலக்கம், அதாவது 0.2 ஓம், அப்படியே நிற்கும். ஐந்தில் ஒரு பங்கு பிழை! பெரிய சுருளை உரசிப் பார்க்க இது உத்தமமான மீட்டர், கெட்ட மூட்டைப் பிடிக்க இது மட்டும் போதாது. கொஞ்சம் கூடக் காசு போட்டு 0.01 ஓம் காட்டும் மீட்டர் ஒன்றை எடுத்தால், அது வேறு உலகம்.

எதை எடுத்தாலும் காசு கொடுக்குமுன் செய்ய வேண்டியது இது. முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடியுங்கள். 0.1, 0.2, 0.3 இதற்குள் ஏதாவது ஒன்றில் நின்று அசையாமல் இருக்க வேண்டும். அது மீட்டர் வயரின் சொந்தத் தடை. பிறகு வயரை அடியில் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். எண் குதித்தால் அந்த வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல சிலிக்கோன் வயர் வாங்குங்கள். நல்ல வயர் மாட்டிய மலிவு மீட்டர், கெட்ட வயர் மாட்டிய விலையுயர்ந்த மீட்டரை அடித்துவிடும். இதை நான் எந்தச் சபையிலும் சத்தியம் செய்வேன்.

இரண்டாவது, நான் பர்ஸில் எப்போதும் வைத்திருக்கும் ஒரு ரெசிஸ்டர். 10 ஓம், 1 வீதத் துல்லியம், சில ரூபாய்தான். கடைக்காரரிடம் மீட்டரை வாங்கி, அதை அளந்து, வயரின் தடையைக் கழித்துப் பார்ப்பேன். 9.8-க்கும் 10.2-க்கும் இடையில் வந்தால் அந்த மீட்டர் நம் பக்கம்.

மூன்றாவது, பீப் சத்தம். முனை தொட்ட கணத்தில் கத்த வேண்டும். தொட்டு, யோசித்து, பிறகு கத்தும் மீட்டரோடு காலம் தள்ள முடியாது. நான்காவது, ஆர்.இ.எல் என்ற பொத்தான் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். முனைகளைச் சேர்த்துப் பிடித்து அதை ஒரு தடவை அமுக்கினால் வயர் தடையை மீட்டரே கழித்துக்கொள்ளும். கடைசியாக, 10 ஆம்பியர் ஓட்டைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மலிவு மீட்டர்களில் 'பியூஸ் இல்லை' என்று ஆங்கிலத்தில் வெளிப்படையாகவே போட்டிருக்கும். அப்படிப்பட்டதை வீட்டு மெயின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஊசி மீட்டர் பிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிரித்தானியத் தபால் துறைப் பொறியியலாளர் மெக்காடி தனித்தனி கருவிகளைத் தூக்கித் திரிந்து அலுத்து, ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்ததுதான் ஆவோ மீட்டர். 1923-இல் சந்தைக்கு வந்தது. 1951-இல் வந்த அதன் எட்டாம் மாடல் 2008 வரை செய்யப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், தோல் வார் போட்ட அந்தக் கறுப்புப் பெட்டியைக் கையில் எடுத்தபோது எனக்குக் கோயிலுக்குள் நுழைந்த பக்தி வந்தது. விட்டுவிட்டுத் தொடும் கம்பியை ஊசியின் நடுக்கம் காட்டிக் கொடுக்கும் அழகை எந்த டிஜிட்டலும் தராது.

சுருளோடு ஒரு மாலை

பக்கத்து லயத்து அக்கா ஒருவர் மண்தட்டில் சுருள் பதித்த அடுப்பைக் கொண்டுவந்து, "தம்பி, இது ஒரு பக்கந்தான் செவக்குது, மத்தப் பக்கம் கறுப்பாவே கெடக்கு. பிளக்கு வேற தொட முடியாத சூடு" என்றார். பார்த்தவுடன் தெரிந்தது, சுருள் அறுந்து, அறுந்த முனைகளை முறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. அடியில் 1,000 வாட் என்று இருந்தது. மீட்டரில் வைத்தேன். 41 ஓம். 52,900-ஐ 41-ஆல் வகுத்தால் 1,290 வாட். ஒவ்வொரு முறுக்குக்கும் கொஞ்சம் கம்பி போய், சுருள் குட்டையாகி, தடை குறைந்து, கரண்ட் கூடி, கூடிய சூட்டில் மறுபடி அறுந்திருக்கிறது. 4.3 ஆம்பியர் இழுக்க வேண்டிய அடுப்பு 5.6 இழுத்திருக்கிறது. பிளக் சுடாமல் என்ன செய்யும்?

புதுச் சுருள் வாங்க மீட்டரோடு டவுனுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு கைப்பிடி சுருளை மேசையில் கொட்டினார். எல்லாம் 1,000 வாட்தான் என்றார். ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்று 53.4 காட்டியது, அதே பெட்டியில் கிடந்த இன்னொன்று 46. அவர் சிரித்துக்கொண்டே, "என்னா தம்பி, மாணிக்கக்கல்லு பாக்கிற மாதிரி பாக்கிறீங்க?" என்றார். இரத்தினபுரிப் பக்கம் வேறெப்படிப் பார்ப்பதாம்!

அந்தச் சின்னச் சுருளுக்குள் எவ்வளவு கம்பி இருக்கிறது தெரியுமா? அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள நைக்ரோம் கம்பி மீற்றருக்கு 5.6 ஓம் அளவு வரும். 53 ஓம் வேண்டுமென்றால் ஒன்பதரை மீற்றர். அத்தனையும் ஒரு சாண் நீளத்துக்குள் சுற்றிக் கிடக்கிறது. செம்பைவிட அறுபது மடங்குக்கு மேல் தடை, செக்கச் சிவந்தாலும் உருகாத உடம்பு. 1906-இல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து இதற்குக் காப்புரிமை வாங்கியதற்குப் பிறகுதான் மின்சார அடுப்பும் டோஸ்டரும் வீடுகளுக்குள் வந்தன. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கந்தால் என்ற சுவீடன் கம்பி இன்னும் அதிகச் சூடு தாங்கும். அதே தடிப்பில் அதற்கு மீற்றருக்கு ஏழு ஓமுக்கு மேல் வரும். வாங்கும்போது எந்தக் கம்பி என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் ஒரு மீற்றரை அளந்து பார்த்தால் மீட்டர் சொல்லிவிடும்.

சுருளைப் பதிப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. தட்டின் பள்ளத்தில் ஒரு நூலை ஓடவிட்டு நீளம் எடுத்துக்கொள்வேன். பிறகு சுருளின் இரண்டு நுனியையும் பிடித்து, ஒரே இழுப்பில், மெதுவாக, அந்த நீளத்துக்குக் கொண்டுவருவேன். இடையில் எங்கேயும் பிடித்து இழுக்கக் கூடாது. சுற்றுகள் நெருங்கிய இடம் அதிகம் சிவக்கும், அகன்ற இடம் கறுத்துக் கிடக்கும். ஸ்குரூவில் மாட்டும் நுனியை மட்டும் இரண்டாக மடித்து முறுக்கிவிடுவேன், அந்த இடத்தில் தடை பாதியாகி நுனி சூடாகாமல் இருக்கும். ஈயம் வைக்கவே கூடாது, அந்தச் சூட்டில் உருகி ஓடிவிடும். மாட்டி முடித்து மறுபடி அளந்தேன். 53.6. அக்காவின் அடுப்பு வட்டம் முழுக்க ஒரே சிவப்பாக எரிந்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைக் கிரிக்கெட் உலகக் கிண்ணமும் தராது.

பல்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 60 வாட் இழை பல்புக்குக் கணக்குப்படி 880 ஓம் வர வேண்டும். அணைந்த பல்பை அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேறத் தடை ஏறும் சாதி. நைக்ரோம் அப்படியில்லை, சூட்டிலும் குளிரிலும் சில வீதம்தான் வித்தியாசம். அதனால்தான் குளிர்ந்த சுருளை அளந்து எரியும் அடுப்பைப் பற்றிச் சொல்ல முடிகிறது.

ரைஸ் குக்கர் வந்தால் எனக்கு இன்னும் குஷி. "செத்துப் போச்சு, புதுசு வாங்கவா?" என்று வரும் குக்கர்களில் பெரும்பாலும் சுருள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும். வெள்ளைத் துணிக் குழாய்க்குள் மறைந்திருக்கும் சின்ன வெப்ப பியூஸ்தான் போயிருக்கும். சுருளில் 75 ஓம், பியூஸில் முடிவிலி. இரண்டே தொடுகையில் விஷயம் முடிந்தது. அதே அளவு வெப்பநிலை எழுதிய புதுப் பியூஸை வாங்கிப் போடுங்கள். வெறும் கம்பியால் நேராகச் சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வீட்டைக் கொளுத்தும் வேலை.

மலிவு மீட்டரின் மாய வித்தை

சுருள் சுற்றுவதில் என்னைவிடப் பெரிய பைத்தியங்கள் உலகத்தில் உண்டு. வேப் கருவிக்குச் சொந்தமாகச் சுருள் செய்கிறவர்கள். அந்தப் பழக்கத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆனால் அவர்களுடைய அளவைக் கவனத்துக்குக் கும்பிடு போடுவேன். அவர்கள் சுற்றும் சுருள் 0.2 ஓம் மாதிரி இருக்கும். 4.2 வோல்ட் லித்தியம் பேட்டரியில் அதை மாட்டினால் 21 ஆம்பியர். தவறி 0.1 ஆகிவிட்டால் 42. கையில் பேட்டரி வெடிக்கும் தூரம் அந்த 0.1 ஓம்தான். அதனால் அவர்களுக்கென்றே பூச்சியத்திலிருந்து 9.99 ஓம் வரை மட்டும் காட்டும் குட்டி மீட்டர்கள் வந்தன. சின்ன ஓமை அளக்க என்னை இழுத்துப் போட்டது அந்தக் குட்டிப் பெட்டிதான்.

பிறகுதான் தெரிந்தது, தனி மீட்டர் இல்லாமலே ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கலாம், அதுவும் அந்த மலிவு டிடி 830-ஐ வைத்தே! த்ரீவீல் பேட்டரி ஒன்று, 12 வோல்ட் 21 வாட் சிக்னல் பல்பு ஒன்று, 5 ஆம்பியர் பியூஸ் ஒன்று. மூன்றையும் தொடராகச் சேர்த்து, அளக்க வேண்டிய மூட்டு வழியாகக் கரண்டை ஓட்டுங்கள். பல்பு எரியும். முதலில் ஆம்பியரைப் பாருங்கள், 1.7 மாதிரி காட்டும். பிறகு மீட்டரை 200 மில்லிவோல்ட் பிரிவில் வைத்து, மூட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொடுங்கள். 17 மில்லிவோல்ட் காட்டினால், 17-ஐ 1.7-ஆல் வகுக்க 10 மில்லி ஓம். அதாவது 0.01. கரண்ட் போவது ஒரு ஜோடிக் கம்பியில், அளப்பது இன்னொரு ஜோடிக் கம்பியில். அளக்கும் கம்பியில் கரண்ட் அநேகமாக ஓடாததால் மீட்டர் வயரின் தடை கணக்கில் வரவே வராது. இந்த நான்கு கம்பி முறையோடு கெல்வின் பிரபுவின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். ஆய்வுகூடத்து வித்தையை ஆட்டோ பேட்டரியில் செய்து பார்த்த அன்று நான் தரையில் நிற்கவில்லை.

இதை வைத்து எக்ஸ்டென்ஷன் வயர்களைத் தரம் பிரிக்கலாம். 0.75 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி மீற்றருக்கு 0.023 ஓம். ஐந்து மீற்றர் வயரில் ஒரு கம்பியின் நுனிக்கு நுனி 0.12 மாதிரி வர வேண்டும். 0.8 காட்டினால், கம்பி செம்பில்லை அல்லது மூட்டு செத்துவிட்டது. அதே போல, கேத்தல், அயன் மாதிரி உலோக உடம்புள்ள, மூன்று முள் பிளக் போட்ட எந்தச் சாமானுக்கும், எர்த் முள்ளிலிருந்து உலோக உடம்புக்கு அளந்து பாருங்கள். ஓரிரு தசமத்துக்குள் இருந்தால் நல்லது. முடிவிலி காட்டினால் எர்த் அறுந்திருக்கிறது. அன்றைக்கே அதை ஒதுக்கி வையுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று சமைக்கிறவர்கள் நாம்.

தண்ணீரும் சுருளும்

மாணிக்கக் குழி வெட்டுகிற நண்பர்கள் மின் பம்பைத் தூக்கிக்கொண்டு வருவதுண்டு. குழியில் ஊற்றெடுக்கும் தண்ணீரை இறைக்காவிட்டால் மாணிக்கம் கிடக்கும் 'இல்லம்' மண்ணைத் தொட முடியாது. பம்பு நின்றால் வேலையே நின்றுவிடும். ஒரு கட்ட மோட்டரில் மூன்று நுனி. மூன்று ஜோடியாக அளந்தால் மூன்று எண்கள் வரும், பெரிய எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். 4, 11, 15 என்று வந்தால் சுற்றுகள் சுகம், கப்பாசிட்டரைச் சந்தேகப்படலாம். தொழிற்சாலையின் மூன்று கட்ட மோட்டரிலோ மூன்றும் ஒரே எண்ணாக வர வேண்டும். 3.1, 3.1, 2.4 என்றால் ஒரு சுற்றுக்குள் கம்பிகள் ஒட்டிவிட்டன. ரீவைண்டிங் பாஸிடம் போகும் முன்பே வியாதி தெரிந்துவிடும்.

என் மனதுக்கு மிகவும் பிடித்த அளவை இன்னொன்று. சப்ரகமுவ மலைகளில் ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுப்பது ஆங்கிலேயர் காலத் தோட்டங்களிலேயே இருந்தது. 1990-களுக்குப் பிறகு லைன் எட்டாத கிராமங்கள் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, ஐ.டி.டி.ஜி. நிறுவனத்தின் துணையோடும், 1997 முதல் 2002 வரை உலக வங்கிப் பணத்தில் நடந்த திட்டத்தின் கடனோடும், தங்களுக்கென்று குட்டி நீர்மின் நிலையங்கள் கட்டிக்கொண்டன. பெரிய லைன் வந்ததும் பல நின்றுபோயின. அவற்றின் இதயமும் ஒரு சுருள்தான். இரவில் எல்லோரும் விளக்கை அணைத்தால் உபரி மின்சாரம் எங்கே போகும்? கட்டுப்பாட்டுப் பெட்டி அதை ஹீட்டர் சுருள்களுக்குள் தள்ளிச் சூடாகக் கரைத்துவிடும். அந்தச் சுருள் அறுந்தால் வோல்ட் ஏறி, கிராமத்து பல்புகளெல்லாம் போய்விடும்.

அப்படியொரு நிலையத்தில், 2 கிலோவாட் சுருள்கள் மூன்றைப் பக்க இணைப்பில் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் 26.5 ஓம். மூன்றும் உயிரோடு இருந்தால் மொத்தம் 8.8 காட்ட வேண்டும். மெயினை நிறுத்தச் சொல்லி, சுருள் பக்கத்துக் கம்பிகளைப் பெட்டியிலிருந்து கழற்றி, இரண்டு நுனியில் மட்டும் தொட்டேன். 13.2. "ஒன்று போய்விட்டது, இரண்டுதான் வேலை செய்கிறது" என்றேன், மூடியைத் திறக்காமலே. சங்கத்துக் காரியதரிசி என்னைச் சாத்திரம் பார்க்கிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். திறந்தால், நடுச் சுருள் அறுந்து தொங்கியது.

கை வைக்கக் கூடாத இடம்

இவ்வளவு புகழ்ந்த பிறகு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கரண்ட் ஓடும் இடத்தில் ஓம் பிரிவில் முனையை வைக்கவே கூடாது. மீட்டர் சாகும், சில நேரம் ஆளும் சாகலாம். அளக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். கப்பாசிட்டர் உள்ள சாமான் என்றால் அதை முதலில் வடியவிடுங்கள். உலோக முனையை விரலால் அழுத்திக்கொண்டு பெரிய தடையை அளக்காதீர்கள், மீட்டர் உங்கள் உடம்பையும் சேர்த்து அளந்துவிடும். பேட்டரி குறி மினுங்கினால் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். கேத்தல் உடம்புக்கும் சுருளுக்கும் இடையில் கசிவு இல்லை என்று மல்டிமீட்டர் சொன்னாலும் முழுச் சான்றில்லை, அதற்கு 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும் மெகர் வேண்டும். வீட்டு எர்த் கம்பி மண்ணில் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்பதையும் மல்டிமீட்டரால் அளக்க முடியாது. சுவருக்குள் ஓடும் வயரிங்கும் மெயின் போர்டும் பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனின் வேலை. நம் மீட்டர் பிளக்கோடு நிற்கட்டும்.

பிளக்கோடு நின்றாலே போதும். வரும் தீபாவளிக்கு வீட்டுக்கு ஒரு புதுச் சாமான் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். வாங்கிய அன்றே அடுப்பையும் குக்கரையும் கழற்றி மேசையில் வைத்து, 52,900-ஐ வகுத்து, சுருளில் வந்த எண்ணை ஒரு கடதாசியில் எழுதி அதன் அடியிலேயே ஒட்டிவையுங்கள். எர்த் முள்ளையும் எக்ஸ்டென்ஷன் வயரையும் பார்த்துவிடுங்கள். ஏ.எல். படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் மீட்டரை அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். உங்கள் லயத்தில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்கட்டும்.